ஜன்னலைத் திற, கோரீன்!

"இந்தக் கல்லூரியில ரகசியம் கசியுது," என்றார் டாக்டர் பிரெஸ்காட் ஹால்டேன்.

டெஸ்மண்ட் பிக்கெட் அனிச்சையாகக் கூரையை அண்ணாந்து பார்த்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த ஹெட்விக் சலாய் அவன் காலை மிதித்தார்.

பெல்டிங் மருத்துவக் கல்லூரியின் சேர்க்கைக் குழுவுக்கு ஹால்டேன்தான் தலைவர். ரகசியம் பேசும்போதும் மேடையில் நிற்பவரைப் போல்தான் பேசுவார். அறை முழுக்கச் சட்டம் போட்ட பட்டங்கள். அவற்றைக் கழற்றினால் சுவர் சரிந்துவிடுமோ என்று டெஸ்ஸுக்குத் தோன்றியது. சுவர் இல்லாவிட்டால் ஆளும் சரிந்துவிடுவார் என்றும் தோன்றியது.

ஹெட்விக் ஒரு காலத்தில் காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பொய்யான கால்முறிவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். ஏணி ஏறி, வேலி தாண்டி, கடைசியில் நிஜமாகவே கெட்டுப்போனது அவருடைய முழங்கால்தான். இப்போது கிளீவ்லாந்தில் சொந்தத் துப்பறியும் அலுவலகம். உதவிக்கு டெஸ். ராத்திரியில் மதுக்கடை மேடைகளில் ஏறி நகைச்சுவை சொல்வான், யாரும் சிரிப்பதில்லை. அதனால் பகலில் இந்த வேலை.

"இதைக் கேளுங்க," என்று ஹால்டேன் தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினார்.

துணியை வாயில் பொத்திப் பேசிய பெண் குரல். "ஆம்புலன்ஸ்ல வேலை பார்க்கிற அந்தப் பொண்ணைப் பத்தி உங்ககிட்ட இருக்கிறது பொய். ஜன்னல்கிட்ட என்ன நடந்துச்சுன்னு டாக்டர் க்ரேன்ஷாவை நல்லா விசாரிங்க. தயவுசெஞ்சு, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடி." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

"யாரு அந்த ஆம்புலன்ஸ் பொண்ணு?" என்று கேட்டார் ஹெட்விக்.

"கோரீன் வாட்லி. வயசு முப்பத்தொண்ணு. மூணாவது வருஷமா விண்ணப்பிக்கிறா. இந்தத் தடவை அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது நாங்க மட்டும்தான். இதுதான் தன்னோட கடைசி முயற்சின்னு அவளே எழுதியிருக்கா." ஹால்டேன் நாடகத்தில் வருவதுபோல் பெருமூச்சு விட்டார். "முதல் நேர்காணல் பிரமாதம். ரெண்டாவது க்ரேன்ஷாகிட்ட. அவர் சிவப்புக் கொடி காட்டிட்டார். நேர்மை இல்லாதவள்னு."

"கொடி காட்டினா?"

"மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கதை முடிஞ்சுது. இன்னிக்கு மூணு மணிக்குக் குழு கூடுது. ஓட்டு விழுந்தா விழுந்ததுதான், மறுபரிசீலனை கிடையாது. ஆனா எனக்கு இப்ப வேண்டியது வேற. குழுவை யாராவது தனியாத் தொடர்புகொண்டா அந்த விண்ணப்பத்தையே கழிச்சுடணும். அதுதான் விதி. பேசினது அந்த வாட்லிதான்னு நீங்க உறுதிப்படுத்தினா, கௌரவமா கோப்பை மூடிடலாம்."

"அந்தக் குரல் சொன்னது நிஜமான்னு?"

"அதுக்காக உங்களைக் கூப்பிடல."

ஹெட்விக் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் டெஸ்ஸுக்குத் தெரியும். ஐந்து வருடங்களில் ஒருமுறைகூட அதற்குச் சம்மதம் என்று பொருள் இருந்ததில்லை.

"க்ரேன்ஷா கொடி காட்டினது யார் யாருக்குத் தெரியும்?"

"குழுவுக்கு மட்டும். கதவைத் தாண்டி ஒரு மூச்சுக்காத்துகூட வெளிய போகாது." ஹால்டேன் நெஞ்சில் கை வைத்தார். "நாங்க சத்தியப் பிரமாணம் எடுத்தவங்க."

வெளியே வந்ததும் டெஸ் சொன்னான்: "தலைவி, நெஞ்சுல கை வெச்சுப் பேசுறவங்களைப் பார்த்தா, பணப்பை இருக்கான்னு தடவிப் பார்த்துக்கிற மாதிரியே இருக்கு எனக்கு."

"நடடா. முழங்கால் வலிக்கிறவளே நடக்கிறேன்."

*

டாக்டர் க்ரேன்ஷா இதய அறுவை நிபுணர். நகரத்தின் பாதிப் பணக்காரர்களின் நெஞ்சைத் திறந்து பார்த்தவர். மீதிப் பாதி வரிசையில் நிற்கிறது. அவருடைய அறை வாசலில் ஒரு பித்தளைக் கிண்ணம் இருந்தது.

"இதுல சில்லறை போடணுமா சார்?" என்றான் டெஸ்.

"பெயரைப் போடணும்." க்ரேன்ஷாவுக்கு நகைச்சுவை காதில் விழுவதே இல்லை. "நேர்காணலுக்கு வர்றவங்க சட்டையில குத்தியிருக்கிற பெயர் அட்டையைக் கழற்றி இதுல போட்டுட்டுத்தான் உள்ள வரணும். பெயரைக் கேட்டா ஊர் தெரியும், குலம் தெரியும், அப்பா யாருன்னு தெரியும். எனக்கு மனுஷன் மட்டும் போதும். பெயரில்லா நேர்காணல். நான் கண்டுபிடிச்சது. நாலு மாநிலத்துல பேசியிருக்கேன்."

"மதிப்பெண்?"

"பார்க்க மாட்டேன்."

"புகைப்படம்?"

"கூடவே கூடாது. குழுக் கூட்டத்திலயும் படம் காட்ட விடமாட்டேன். முகத்தைப் பார்த்தா பாரபட்சம் வந்துரும்." அவர் குரலில் தனக்கே சிலை திறந்துவைப்பவரின் அடக்கம் இருந்தது. "பேசும்போது குறிப்பும் எடுக்க மாட்டேன். எழுதிக்கிட்டே பேசுற டாக்டர்கிட்ட யார் மனசைத் திறப்பாங்க? சாயங்காலம் கார்ல வீட்டுக்குப் போறப்ப வாயால சொல்லிப் பதிவு பண்ணிடுவேன்."

ஹெட்விக் ஜன்னலருகே போனார். வெள்ளை வண்ணம் அடித்த பழைய மர ஜன்னல். சட்டத்தின் மூலைகளில் திருகாணிகள் இறுக்கப்பட்டு, அவற்றின் மேலும் வண்ணம் பூசியிருந்தது. வெளியே ஈரி ஏரி உறைந்து கிடந்தது.

"திறக்குமா?"

"பன்னிரண்டு வருஷமாத் திறந்ததில்ல. அதுதான் என் பரீட்சை." க்ரேன்ஷா முதல்முறையாகச் சிரித்தார். "நடுவுல சட்டுனு சொல்வேன், 'அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறம்மா'ன்னு. திறக்காது. அப்ப என்ன பண்றாங்கன்னு பார்ப்பேன். போகும்போது வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லி அனுப்பிடுவேன்."

"பட்டியல்ல பார்த்தேன், செவ்வாய்க்கிழமை காலையில ரெண்டு பெண்கள் வந்தாங்க, இல்லையா?"

"அலுவலகம் போட்ட வரிசைப்படி முதல்ல வாட்லி, அப்புறம் ஸ்டான்விக். ரெண்டு பேரும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே வெள்ளைச் சட்டை. விண்ணப்பதாரர்கள் எல்லாருமே இப்ப சவ ஊர்வலத்துக்கு வர்ற மாதிரிதான் வர்றாங்க. முதல்ல வந்தவ ஜன்னலோட மல்யுத்தமே பண்ணினா. இழுத்தா, குத்தினா, நகம் பிஞ்சு ரத்தம் வந்துது. கடைசியில திரும்பி, 'கொஞ்சம் திறந்திருச்சு டாக்டர், காத்து வருது'ன்னா! தோத்துப் போனதைக்கூட மன்னிப்பேன். நாளைக்கு நோயாளி செத்துக் கிடக்கும்போது 'கொஞ்சம் பொழைச்சிருக்கார்'னு சொல்றவளை எப்படி விடுறது?"

ஜன்னல் விளிம்பில் மிளகு அளவில் ஒரு பழுப்புக் கறை இருந்ததை டெஸ் பார்த்தான். கொடி நியாயமான கொடிதான்.

"ரெண்டாவது பெண்?" என்றார் ஹெட்விக்.

"அபூர்வம். என் அனுபவத்துல இப்படி ஒருத்தியைப் பார்த்ததில்ல. அவ ஜன்னலைத் தொடவே இல்ல."

"அப்ப என்ன பண்ணினா?"

க்ரேன்ஷா இடதுகைச் சட்டை முனையை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போடப் போனார். பொத்தான் ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. "அது... என் மதிப்பீடு. விவரமெல்லாம் எதுக்கு?"

"ஸ்டான்விக்னா, கல்லூரி அறங்காவலர் ஸ்டான்விக்கோட மகளா?"

"எனக்குத் தெரியாது!" மேஜையைத் தட்டினார். "அதுக்குத்தானேம்மா கிண்ணம்!"

*

"பணக்கார வீட்டுப் பொண்ணு 'அபூர்வம்', ஆம்புலன்ஸ் பொண்ணு 'பொய்க்காரி'," என்றான் டெஸ், காரைப் பனிச்சேற்றில் இறக்கியபடி. "இதுல துப்பு வேறயா? அறங்காவலர் கிண்ணத்துல பெயரை மட்டுமா போட்டிருப்பார்?"

"க்ரேன்ஷாவை விலைக்கு வாங்க முடியாது. தன்னைவிட உசந்தது ஏதாவது உலகத்துல இருக்குன்னு நம்பினாத்தானே வாங்க முடியும்?"

"அப்ப அவர் சொன்னது நிஜமா?"

"ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அதுதான்டா பயமா இருக்கு."

ஹெட்விக்கின் கைப்பேசி அலறியது. ஹால்டேன். "பேர் கிடைச்சுதா? வாட்லிதானே? 'ஆமா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"மூணு மணிக்கு நேர்ல சொல்றேன்," என்று துண்டித்தார் ஹெட்விக்.

ஆம்புலன்ஸ் நிலையத்தின் பின்புறம் ஒரு வண்டியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து கோரீன் வாட்லி கட்டுத்துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், தூக்கம் கண்ட நாள் மறந்துபோன கண்கள். வந்தவர்கள் கல்லூரி அனுப்பியவர்கள் என்றதும் கையில் இருந்த துணியை அப்படியே வைத்தாள்.

"ஏதாவது தப்பாயிடுச்சா?"

"வழக்கமான விசாரணைதான்," என்றார் ஹெட்விக். "குழுவுல யாருக்காவது போன் பண்ணீங்களா?"

"நானா? பண்ணினா கழிச்சுடுவாங்களே. மூணு வருஷம் காத்திருந்துட்டு, கடைசி வாரத்துல போய் என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுக்குவேனா?"

"ஜன்னலைப் பத்தி எங்களுக்குத் தெரியும். அவர் திறக்கச் சொன்னப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

வண்டியின் வெளிச்சத்தில் கோரீனின் கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. "அதைச் சொல்ல முடியாதுங்க."

"சொல்லக்கூடாதுன்னு அவர் சொன்னாரேன்னு பார்க்கிறீங்களா?"

"அதுக்காக இல்ல. அது அவரோட விஷயம். நான் வெளிய சொல்றது நல்லா இருக்காது."

டெஸ்ஸால் பொறுக்க முடியவில்லை. "அம்மா தாயே, சொல்லலைன்னா சீட்டு போயிடும்னு வெச்சுக்கோங்க. அப்பவும் சொல்ல மாட்டீங்களா?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்களில் ஒரு கணம் மூன்று வருடங்களும் வந்து நின்றன. பிறகு பெட்டியின் மூடியை அழுத்திச் சாத்தினாள்.

"அப்பவும்."

தீர்ந்தது கதை என்று டெஸ் நினைத்தான். தான் சொன்ன பொய்யை மறைக்கிறவள் இப்படித்தான் பெட்டியைச் சாத்துவாள். அவளைப் பிடித்துப் போனதால் அந்த நினைப்பு இன்னும் கசந்தது.

ஹெட்விக்கோ சம்பந்தமில்லாமல் வேறொன்று கேட்டார். "அன்னிக்கு அறைக்கு வெளிய கூட யார் உட்கார்ந்திருந்தாங்க?"

"ஒரு சின்னப் பொண்ணு. பாவம், உதறிட்டிருந்தா. மூச்சு வாங்குது, விரலெல்லாம் மரத்துப் போச்சுன்னா. இன்னும் முக்கால் மணி நேரம் அங்கயே உட்கார வெச்சிருந்தா மயங்கியே விழுந்திருப்பா. தண்ணி குடுத்து, நிதானமா மூச்சு விட வெச்சு, உள்ள அனுப்பிட்டுத்தான் நான் உட்கார்ந்தேன்." கோரீன் தோளைக் குலுக்கினாள். "வண்டியில பழகினது. யாருக்கு மோசமோ அவங்க முதல்ல."

"நன்றி. கையைக் கொடுங்க," என்றார் ஹெட்விக். கொடுத்த கையை ஏனோ உடனே விடவில்லை. மறுகையையும் பிடித்துக் குலுக்கினார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. கோரீன் துள்ளி முன்இருக்கைக்குப் போனாள். வண்டி ஊளையிட்டுக்கொண்டு கிளம்பியது.

"மேயர்கூட ஒத்தைக் கைதான் குலுக்குவார்," என்றான் டெஸ். "உங்களுக்கு என்ன ஆச்சு?"

"பத்து விரல். பத்து நகம். ஒண்ணுலகூடக் கீறல் இல்ல."

டெஸ் கார் சாவியைத் திருக மறந்துபோனான்.

"ஓட்டுடா. ஷேக்கர் ஹைட்ஸ்ல ஸ்டான்விக் வீடு. அங்க அஞ்சு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம்."

*

ஸ்டான்விக் வீட்டின் முன் வண்டி நிறுத்தக்கூடாது என்று பலகை இருந்தது. அந்தத் தெருவில் மூச்சு விடுவதற்கே அனுமதி வாங்க வேண்டும்போல் இருந்தது. டெஸ் இன்ஜினை அணைக்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்து, வழியில் வாங்கிய ரொட்டியைக் கடித்தான். உள்ளே போலந்துத் தொத்திறைச்சி, அதன் மேல் உருளை வறுவல், அதற்கும் மேல் முட்டைக்கோஸ். ஒரு வாய் கடித்தால் மூன்று வாய் மடியில் விழும்.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. அதன் வழியே கதவு திறப்பதும், கம்பளிச் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண் நிற்பதும் மங்கலாகத் தெரிந்தன. ஹெட்விக் ஏதோ கேட்டார். அந்தப் பெண் வலது கையை மெல்ல முன்னால் நீட்டினாள். கைகுலுக்குகிற நீட்டல் இல்லை அது. பிரம்படிக்கு நீட்டுகிற மாணவியின் நீட்டல்.

ஹெட்விக் திரும்பி வந்து கதவைச் சாத்தினார். முகத்தில் எதுவும் இல்லை.

"தலைவி, எனக்கும் கொஞ்சம் சொல்லலாம்ல?"

"மடியில முட்டைக்கோஸ் இருக்கு. துடைச்சுக்கோ. மணி ஆகுது."

*

குழு கூடும் அறையில் நீண்ட மேஜை. ஆளுக்கொரு சிறு பொத்தான் பலகை; அழுத்தினால் மதிப்பெண் திரையில் போய்ச் சேரும், யார் அழுத்தினார் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஒரு தட்டு நிறைய மாவுப் பண்டங்கள். ஒன்றைத் தவிர எல்லாம் பாதி கடிக்கப்பட்டிருந்தன. ஒரு மனிதனின் வாழ்க்கையை முடிவு செய்வதற்கு முன்னால் சர்க்கரை அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள்.

ஹெட்விக்கும் டெஸ்ஸும் நுழைந்தபோது திரையில் பெயர் வந்துவிட்டது. வாட்லி, கோரீன். படம் இல்லை.

"சரியான நேரம்!" என்று ஹால்டேன் எழுந்தார். "நண்பர்களே, இந்த விண்ணப்பதாரர் நம்ம குழுவைத் தொடர்புகொண்டதா எனக்குத் தகவல். மிஸ் சலாய், பேரைச் சொல்லுங்க. ஓட்டே தேவைப்படாது."

"பேசினது கோரீன் வாட்லி இல்ல," என்றார் ஹெட்விக்.

ஹால்டேனின் புன்னகை உதட்டிலேயே மாட்டிக்கொண்டது. "ஜன்னலைப் பத்தி அவளுக்குத்தானே தெரியும்?"

"ஜன்னலைப் பத்தித் தெரியும். கொடியைப் பத்தித் தெரியாது. கூப்பிட்ட ஆளுக்கு ரெண்டும் தெரிஞ்சிருந்துச்சு. குழுவுல இருக்கிறவங்களுக்குக் கொடி தெரியும், ஆனா துணியைப் பொத்திக்கிட்டுக் கெஞ்ச வேண்டிய அவசியம் அவங்களுக்கு இல்ல. அதை அப்புறம் பார்ப்போம்." ஹெட்விக் திரும்பினார். "டாக்டர் க்ரேன்ஷா, முதல்ல வந்த பெண்ணுக்கு நகம் பிஞ்சுது. சரியா?"

"ரத்தமே வந்துது."

"இன்னிக்குக் காலையில வாட்லியோட ரெண்டு கையையும் பார்த்தேன். நகமெல்லாம் முழுசா இருக்கு. ஸ்டான்விக் மகள் பிலிப்பாவுக்கு நடுவிரல்ல கட்டு."

அறையில் யாரோ ஒரு கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"அபத்தம்!" என்றார் க்ரேன்ஷா. "முதல்ல வாட்லி, அப்புறம் ஸ்டான்விக். வரிசை அப்படி!"

"வரிசை போட்டது அலுவலகம். அதை மாத்தினது வாட்லி. பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு பயத்துல மூச்சுத் திணறுறதைப் பார்த்தா. யாருக்கு மோசமோ அவங்க முதல்ல. அவங்க வேலையில அதுதான் வேதம். தன் முறையைக் கொடுத்து அவளை உள்ள அனுப்பிட்டா. நீங்கதான் பெயரை வாசல்லயே கழற்றிட்டீங்களே? உள்ள வந்தது யார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் கார்ல போறப்ப முதல் பெண் வாட்லி, ரெண்டாவது பெண் ஸ்டான்விக்னு சொல்லிட்டீங்க. படமும் காட்டக்கூடாது. அப்புறம் இந்தத் தப்பை யார்தான் கண்டுபிடிக்க முடியும்?"

மேஜையின் கோடியில் பின்னல் ஊசிகளுடன் உட்கார்ந்திருந்த நோய்க்குறியியல் பேராசிரியை டாக்டர் ஓஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "பாரபட்சம் வரக்கூடாதுன்னு எல்லாத்தையும் கழற்றினோம். கடைசியில ஆளையே கழற்றிட்டோம்."

"ஊகம்!" க்ரேன்ஷாவின் குரல் உயர்ந்தது. "நகத்தைக் கதவுல நசுக்கியிருக்கலாம். இதை வெச்சு என் மதிப்பீட்டைத் திருப்புவீங்களா? அந்த வாட்லியே வந்து சொன்னாளா, தான் ரெண்டாவதா வந்தேன்னு?"

"ஜன்னல்கிட்ட என்ன நடந்துச்சுன்னு அவகிட்ட கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டா."

"பார்த்தீங்களா?" என்றார் ஹால்டேன்.

"சீட்டே போனாலும் சொல்ல மாட்டியான்னு என் ஆள் கேட்டான். அப்பவும் மாட்டேன்னா. 'அது அவரோட விஷயம்'னா." ஹெட்விக் மேஜையைச் சுற்றி நொண்டி நொண்டி நடந்து க்ரேன்ஷாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். குரல் இறங்கியது. "நான் ரொம்ப யோசிச்சேன், டாக்டர். ஒரு ஜன்னல்ல 'அவரோட விஷயம்' என்ன இருக்க முடியும்? ஆம்புலன்ஸ் ஆள் வாயைக் கட்டிக்கிறது ஒரே விஷயத்துக்குத்தான். ரெண்டாவதா வந்த பெண் என்ன செஞ்சான்னு உங்ககிட்டயும் கேட்டேன். நீங்களும் சொல்லல. ரெண்டு பேரும் ஒரே இடத்துல வாயை மூடுறீங்க. என்னன்னு நான் கேட்கல. நீங்க சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. அது நிஜமாவே உங்க விஷயம்."

டெஸ் க்ரேன்ஷாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கைவிரல்கள், அவற்றின் சொந்தக்காரருக்கே தெரியாமல், இடது மணிக்கட்டைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் வாயைத் திறக்காவிட்டால் கோரீன் போய்விடுவாள். திறந்தால், நகரத்திலேயே பெரிய இதய மருத்துவர் இந்த மேஜையில் ஒரு நோயாளி ஆகிவிடுவார். எது நடக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால் டெஸ் தன் ரொட்டியைக்கூட வைத்திருக்க மாட்டான்.

"ஜன்னலைத் திறம்மான்னேன்," என்றார் க்ரேன்ஷா கடைசியில். மேடைக் குரல் இல்லை. "அவ ஜன்னலைப் பார்க்கல. என்னைப் பார்த்தா. வெளிய இவ்வளவு பனி, இந்தக் கிழவனுக்கு எதுக்குக் காத்து வேணும்னு யோசிச்சிருக்கா. 'மூச்சு முட்டுதா டாக்டர்?'னு கேட்டா. நான் பதில் சொல்றதுக்குள்ள பக்கத்துல வந்து மணிக்கட்டைப் பிடிச்சா. கொஞ்ச நேரம் பிடிச்சிருந்தா. 'துடிப்பு தாறுமாறா இருக்கு. இன்னிக்கே யாரையாவது பாருங்க'ன்னா." அவர் சட்டை முனையின் பொத்தானைக் கழற்றினார். "மறுநாள் போய்ப் பார்த்தேன். அவ சொன்னது சரி. இனி நான் கத்தி பிடிக்க முடியுமான்னே தெரியல. வீட்ல இருக்கிறவங்களுக்குக்கூட இன்னும் சொல்லல."

"அந்தக் கை எப்படி இருந்துச்சு?" என்றார் டாக்டர் ஓஸ்டர்.

க்ரேன்ஷா கண்ணை மூடினார். "நகத்தை ஒட்ட வெட்டின கை. உள்ளங்கை காய்ச்சுப் போயிருந்துச்சு. ஸ்ட்ரெச்சர் தூக்குற கை." கண்ணைத் திறந்தபோது அவை ஈரமாக இருந்தன. "நான் தப்பா எழுதிட்டேன். என் கொடியை எடுத்துக்கிறேன்."

ஹால்டேன் தொண்டையைச் செருமினார். கப்பல் கவிழ்ந்தாலும் கைக்குட்டை மடிப்புக் கலையக்கூடாது என்கிற ரகம். "மனதை உருக்கும் தருணம். இருந்தாலும், ரகசியம் கசிஞ்சது கசிஞ்சதுதான். கூப்பிட்டது யாருன்னு நீங்க இன்னும் சொல்லல."

"பிலிப்பா ஸ்டான்விக்."

"தன் நேர்காணல் அபூர்வம்னு பேர் வாங்கின பொண்ணா?" ஓஸ்டரின் ஊசிகள் நின்றன.

"அதனாலதான். ராத்திரிச் சாப்பாட்டுல அப்பா கோப்பையைத் தூக்கி, 'உன்னை மாதிரி யாருமே செய்யலையாம்! உனக்கு முன்னாடி போன ஆம்புலன்ஸ் பொண்ணு ஜன்னலோட சண்டை போட்டு நகத்தைப் பிச்சுக்கிட்டு, பொய் வேற சொன்னாளாம்'னு சிரிச்சிருக்கார். மகள் தன் விரல்ல இருந்த கட்டைப் பார்த்தா. தனக்குத் தண்ணி கொடுத்தவ தலையில தன்னோட பொய் விழுந்திருக்குன்னு புரிஞ்சுது. ராத்திரி முழுக்கத் தூங்காம, காலையில கூப்பிட்டிருக்கா. பேரைச் சொல்லத்தான் தைரியம் வரல. இன்னிக்கு என்கிட்ட விரலை நீட்டிட்டா."

"அது சரி," என்றார் ஓஸ்டர், ஒவ்வொரு சொல்லையும் ஊசியில் கோத்து எடுப்பதுபோல. "அப்பாவுக்கு யார் சொன்னது?"

ஹெட்விக் கையை நீட்டி, யாரோ கடித்த பண்டம் ஒன்றைத் தட்டிலிருந்து தள்ளிவிட்டு, முழுசாக இருந்த ஒரே ஒன்றை எடுத்துக்கொண்டார்.

டெஸ்தான் சொன்னான். "புதன்கிழமை படகுக் கிளப்ல, வறுத்த மீனுக்கும் காப்பிக்கும் நடுவுல, நெஞ்சுல கை வெச்சு ஒருத்தர் சொன்னாராம். சத்தியப் பிரமாணம் எடுத்தவராம்." அவன் இதைக் கண்டுபிடித்திருக்கவில்லை, வரும் வழியில் மாடிப்படியில்தான் தலைவி காதில் போட்டார். ஆனால் சொல்கிற சுகம் அவனுக்கு வேண்டியிருந்தது. "சார், உங்க ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டோம். நின்னுக்கிட்டிருக்கு பாருங்க."

மேஜையில் இருந்த எல்லாத் தலைகளும் ஒரே திசையில் திரும்பின.

ஹால்டேன் சுவரைப் பார்த்தார். இந்த அறைச் சுவரில் அவருடைய பட்டம் ஒன்றுகூட இல்லை. நாற்காலியின் முதுகிலிருந்து கோட்டை எடுத்துக்கொண்டு, "எனக்கு வேறொரு கூட்டம் இருக்கு," என்று முணுமுணுத்துவிட்டு வெளியேறினார். அப்படி ஒரு கூட்டம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப தலைமை நான்," என்றார் ஓஸ்டர். "பிலிப்பா விஷயம் அப்புறம். தனக்கு எதிராவே சிபாரிசு பண்ணினவளை எந்த விதியில கழிக்கிறதுன்னு நான் யோசிக்கணும். பொய் சொன்னவளும் அவதான், தூங்காம இருந்தவளும் அவதான். இப்ப வாட்லி. க்ரேன்ஷா, நேர்காணல் நடத்தினவர் ஓட்டுப் போட முடியாது. பேச மட்டும்தான் முடியும். பேசுறீங்களா?"

"பேசியாச்சு," என்றார் க்ரேன்ஷா. மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

பொத்தான்கள் அழுந்தும் சத்தம் மழைத்தூறல்போல் கேட்டது. தூறல் நின்றது. திரை ஒரு கணம் வெறுமையாக இருந்தது. டெஸ் மூச்சை அடக்கிக்கொண்டான். மேடையில் ஜோக் சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருக்கும் இடைவெளிதான் உலகத்திலேயே நீளமானது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான்.

எண் விழுந்தது. தேர்வுக் கோட்டுக்கு மேலே, இந்த வருடத்தின் எல்லாப் பெயர்களுக்கும் மேலே.

"திங்கட்கிழமை கூப்பிட்டுச் சொல்லிடுவோம்," என்றார் ஓஸ்டர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அதுவரைக்கும் இந்த அறையை விட்டு ஒரு மூச்சு வெளிய போகக்கூடாது. இந்தத் தடவை நிஜமா."

க்ரேன்ஷா நெற்றியைத் துடைத்தார். முகம் வெளுத்திருந்தது. "யாராவது அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன்."

டெஸ் எழுந்து ஜன்னலை நோக்கி இரண்டடி வைத்தான். அப்புறம் என்ன தோன்றியதோ, நின்று திரும்பினான்.

"டாக்டர், மூச்சு முட்டுதா?"

அவன் கேட்டதை யாரும் ஜோக்காக எடுத்துக்கொள்ளவில்லை. முதல்முறையாக அதில் அவனுக்கு வருத்தமும் இல்லை.

"இல்லப்பா," என்றார் க்ரேன்ஷா. "வெட்கமா இருக்கு."

டெஸ் ஜன்னலைத் தள்ளினான். இதில் திருகாணி எதுவும் இல்லை, ஒரே தள்ளில் திறந்துகொண்டது. உறைந்த ஏரியின் காற்று உள்ளே வந்தது.